பை இல்லாத சட்டை

எங்கள் சீருடையில் பை கிடையாது. சட்டையிலும் இல்லை, காற்சட்டையிலும் இல்லை. தையற்காரர் மறந்துவிடவில்லை, மேலிடம் சொல்லித்தான் அப்படித் தைக்கிறார்கள். தெருவோரப் பார்க்கிங் மீட்டர்களில் விழும் காசை அள்ளுகிற ஆட்களுக்குப் பை எதற்கு என்று எந்தப் புத்திசாலியோ யோசித்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் முதலாளியாக இருந்தாலும் இப்படித்தான் தைக்கச் சொல்லியிருப்பேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கடைக்காரர் நிறுக்கும்போது எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள், நான் அவர் சுண்டுவிரலைப் பார்ப்பேன்.

எனக்கு ஐந்து தெருக்கள், நாற்பத்தாறு மீட்டர்கள். சாவி போட்டுக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் தகரக் குவளையை எடுத்து, தெருவின் பெயர் எழுதிய துணிப்பையில் கொட்டிவிட்டு, குவளையைத் திரும்ப வைத்துப் பூட்டவேண்டும். அன்றைக்கு எத்தனை காசு விழுந்தது என்று மீட்டருக்குள்ளேயே ஓர் எண் காட்டும். அதைச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்கு எண்ணும் அறையில் பைகளை ஒப்படைத்தால் வீட்டுக்குப் போகலாம். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

எண்ணும் அறையின் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. பையைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை காசு என்று சொல்லிவிடுவார். ஆட்களையும் அப்படித்தான் எடைபோடுவார். அன்று நூலகத் தெருப் பையை எந்திரத்தில் கொட்டியதும் அது நான்கு காசுகளைத் துப்பியது. தராசு அவற்றை வரிசையாக மேசைமேல் வைத்தார்.

“இது என்ன?”

“பழைய காசு சார்.”

“அது எனக்கும் தெரியுது. ரெண்டு வருஷம் முன்னாடியே செல்லாதுன்னு சொல்லியாச்சு. உன் பையில எப்படி வருது?”

“எவனாவது போட்டிருப்பான். மீட்டருக்குக் கண்ணா இருக்கு?”

உண்மைதான். பழைய காசும் புதுக் காசும் ஒரே அளவு, ஒரே எடை, முகப்பு மட்டும்தான் வேறு. மீட்டர் இரண்டையும் ஒன்றுபோல விழுங்கும். எண்ணும் அறை எந்திரம் மட்டும்தான் முகம் பார்க்கும்.

“மத்த ஆளுங்க பையில ஒண்ணுகூட வரல. உன்னோட மத்த நாலு தெருவுலயும் வரல. ஒம்பது நாளா இந்த ஒரு தெருவுல மட்டும் தினமும் வருது,” என்றார் தராசு. “வீட்ல கிடக்கிற செல்லாக் காசை உள்ள போட்டுட்டு நல்ல காசை எடுத்துக்கிட்டா, எண்ணிக்கை சரியாத்தானே வரும்?”

“சட்டையில பையே இல்லையே சார். எதுல அள்ளிட்டுப் போறது?”

“பை இல்லேன்னா என்ன, ஷூ இருக்குல்ல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன், அப்புறமும் வந்தால் மேலே எழுதிவிடுவேன் என்றார். மேலே எழுதினால் அவ்வளவுதான், மறுநாள் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வார்கள்.

ஏற்கெனவே என் வேலை ஊசலாடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது எல்லாரும் கைபேசியில் பணம் கட்டிவிடுகிறார்கள். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வசூல் குறைகிற தெருவில் மீட்டரைப் பிடுங்கிவிடுவது என்று முடிவாகியிருந்தது. என் தெருக்களிலேயே நோஞ்சான் நூலகத் தெரு. அது போனால் மீதி நான்கை அடுத்த வட்டாரக்காரரிடம் சேர்த்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் கத்தித் தீர்த்திருந்தேன். அதற்குமேல் இப்போது திருட்டுப் பட்டம் வேறு.

“அந்தக் காசை நான் பாக்கலாமா?” என்று கேட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் காய்ந்த கோந்து. கோந்தோடு ஒட்டிக்கொண்டு, கோடு போட்ட தாளின் துணுக்கு ஒன்று. அதில் நீல மையில் 7. நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

ஏழுக்கு அப்படிக் குறுக்குக் கோடு போடுகிறவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். என் அப்பா.

அப்பா முப்பது வருடம் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவர். கைக்கு வரும் சில்லறையில் பழைய காசு ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துவிடுவார். சும்மா எடுக்கமாட்டார். தன் சட்டைப் பையிலிருந்து அதே மதிப்புக்கு ஒரு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். “எடுத்த காசுக்குப் பதில் காசு வெச்சிடணும். அப்பதான் அது சேகரிப்பு. இல்லேன்னா திருட்டு” என்பார். அந்தக் காசுகளை மூன்று தடிமன் நோட்டுகளில் கோந்து போட்டு ஒட்டி, பக்கத்தில் எண் எழுதி, வருடம் எழுதி வைத்திருந்தார். நாணயக் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம். கோந்து பட்ட காசை எவரும் வாங்கமாட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விற்றிருக்கமாட்டார்.

தராசிடம் நான் வாயே திறக்கவில்லை. இது எங்கள் வீட்டுக் காசு என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். முதல் நோட்டில் பாதி காலி. காசு இருந்த இடமெல்லாம் வெளுத்த வட்டங்களும் கோந்துத் தழும்புகளும். அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு வருடம் முன்பு ஒருபக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் உலகம் அந்தக் கட்டில்தான். அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று அண்ணியிடம்.

அண்ணிதான். எனக்குச் சந்தேகமே இல்லை, அதாவது சந்தேகம் முழுவதும் அவர்மேல்தான்.

காரணம் இருந்தது. அண்ணன் வெளியூர் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அண்ணி இங்கேயே தங்கிவிட்டார். ஒருமுறை கைபேசியில் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “உங்க தங்கச்சி வீட்டோட இருந்தா நான் நாளைக்கே கிளம்பி வந்துடுவேன்.” தப்பான ஆசை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வீட்டோடு இருக்கவேண்டும் என்றால் என் வேலை போகவேண்டும். என் வேலை போக என்ன வழி? என் தெருவில், என் பையில், எங்கள் வீட்டுச் செல்லாக் காசு விழுந்தால் போதும். அடுக்கிப் பார்க்கப் பார்க்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் முதல் வேவு பார்க்க ஆரம்பித்தேன். குவளைகளைத் தனித்தனியாகப் பார்த்ததில், பன்னிரண்டாம் மீட்டர் முதல் இருபது வரைதான் பழைய காசு விழுகிறது என்று தெரிந்தது. நூலக வாசலுக்கு இருபுறமும் உள்ளவை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் நூலகம். முதலில் வந்தவற்றில் கோந்து இருந்தது. நாலைந்து நாளில் சுத்தமாகத் துடைத்த காசுகள் வர ஆரம்பித்தன. அந்த வாரம்தான் ஒருநாள் காலையில் அண்ணி சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தின்மேல் துண்டைப் போட்டார்.

“வெந்நீர் எதுக்கு அண்ணி?”

“காலு வலி. ஒத்தடம் குடுக்கலாம்னு.”

அந்தக் கிண்ணத்தில் அண்ணியின் கட்டைவிரல்கூட முழுசாக முங்காது. சரி அண்ணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். இரவில் இரண்டு வாய்க்குமேல் இறங்காத அப்பா இப்போதெல்லாம் தட்டை வழித்துச் சாப்பிட்டார். வேறு ஒரு மகளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவர் மருந்தில் அண்ணி என்னத்தைக் கலக்கிறார் என்று நான் மாத்திரைப் பட்டையை எண்ணினேன். என் புத்தி அப்படி.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது தராசு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குப் பதினொரு பழைய காசு. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணி, நேரா கேட்டிருந்தா நானே வேலைய விட்டிருப்பேனே. எதுக்கு என் சோத்துல மண்ணள்ளிப் போடறீங்க?”

“என்ன சொல்றே?”

“அப்பா நோட்டுலேர்ந்து காசைப் பிச்சு எடுத்துட்டுப் போய் என் மீட்டர்ல போடறீங்க. ஆபீஸ்ல என்னைத் திருடிங்கறாங்க. உங்களுக்கு அண்ணன்கிட்ட போகணும்னா போங்க. யாரும் உங்களைக் கட்டிப்போடல.”

அண்ணி கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. அழுவார் அல்லது சண்டைக்கு வருவார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன். இரண்டும் நடக்கவில்லை.

“திருடிங்கறாங்களா? ஏன்?” என்று மட்டும் கேட்டார்.

“ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க.”

“எனக்கு நிஜமாவே தெரியாது. நான் எதுவும் சொல்லக் கூடாது, என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியாச்சு. நாளைக்கு மூணு மணிக்கு நூலகத் தெருவுக்கு வா. எட்ட நின்னு பாரு. கிட்ட வந்துடாதே.” சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து மறுபடி துலக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளத்த தட்டு அது. பயந்துவிட்டார், மாட்டிக்கொண்டார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மறுநாள் என் முதல் இரண்டு தெருக்களை அடுத்த வட்டாரக்காரரிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டு, இரண்டரை மணிக்கே நூலக மாடியில் சன்னலோரம் போய் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் அங்கிருக்கும் அம்மா முறைப்பார் என்று கைக்கு வந்த புத்தகத்தை விரித்துவைத்தேன். கோழிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய புத்தகம். கீழே தெரு காலியாகக் கிடந்தது. நான்கு கார்கள், ஒன்பது மீட்டர்கள்.

மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் அண்ணி வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கம்பை ஊன்றிக்கொண்டு, கட்டிலை விட்டு இறங்காத என் அப்பா வந்தார்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் தனியாக, இழுத்துக்கொண்ட காலைத் தேய்த்துத் தேய்த்து, பன்னிரண்டாம் மீட்டருக்குப் போனார். அதன் முன்னால் வண்டி எதுவும் இல்லை. கம்பை மீட்டரில் சாய்த்துவைத்தார். முடிச்சுப் போட்ட கைக்குட்டையைப் பல்லால் அவிழ்த்து ஒரு காசை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வருடத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போட்டு, குமிழைத் திருப்பி, காசு விழுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நின்றார். அப்புறம் பதின்மூன்று.

பதினைந்தாம் மீட்டரில் ஓர் ஆள் காரை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தான். அப்பா கம்பைத் தூக்கி ஆட்டினார். சன்னல் திறந்திருந்ததால் குரல் மேலே கேட்டது. பாதி வாயால்தான் பேசுகிறார், ஆனாலும் டிக்கெட் சன்னலில் முப்பது வருடம் கத்திய குரல்.

“ஏம்ப்பா, காசு போடு! போன்ல கட்டினா அது எங்கேயோ போயிடும். இதுல போட்டாத்தான் இந்தத் தெருவுக்கு வசூல். ஒரு பொண்ணு பொழைக்குது இதுல.”

அந்த ஆள் சிரித்துக்கொண்டே காசு இல்லையே என்று கைவிரித்தான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே அவனுக்காகவும் ஒரு காசைப் போட்டார்.

கோழிப் புத்தகத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நான் அழுதேன். நூலகத்து அம்மா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

வேலை போகப்போகிறது என்று முன்பு ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது நான் கத்தியதை அப்பா ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் யோசித்திருக்கிறார். மூன்றாம் நாள் அண்ணியைக் கூப்பிட்டுச் செருப்பை எடுத்துவைக்கச் சொன்னாராம். முதலில் நகத்தாலேயே காசைப் பெயர்த்திருக்கிறார். நகம் கிழிந்து ரத்தம் வந்தபிறகுதான் அண்ணி வெந்நீரில் ஊறவைத்து எடுத்துக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். இதையெல்லாம் அண்ணி அன்று மாலை என்னிடம் சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அந்தக் காசு செல்லாதுன்னு அவருக்குத் தெரியாதா அண்ணி?”

“அறிவிப்பு வந்தப்ப அவரு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. யாரு சொன்னா அவருக்கு? எனக்கே தெரியாது, மீட்டர்ல விழுது, அப்ப செல்லும்னு நெனச்சேன்.” கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “வேணும்னா சொல்லிடலாம். ஆனா ஒண்ணு. ரெண்டு வருஷமா டாக்டரும் நானும் கெஞ்சியும் எந்திரிக்காத மனுஷன், இப்ப ரெண்டு மணிக்கே செருப்ப மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“புதுக் காசைக் குடுத்துப் போடச் சொன்னா?”

“பழைய காசாலதான் உனக்குத் தொந்தரவோன்னு நேத்து ராத்திரியே தோணுச்சு, இன்னிக்கு கைக்குட்டையில ரெண்டு புதுசு வெச்சுப் பாத்தேன். தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டாரு. இது வீட்டுச் செலவுக் காசு, இதத் தொடக் கூடாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.”

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. “மாத்திரையக்கூட எண்ணிப் பாத்தேன் அண்ணி” என்றேன். “தெரியும். பட்டையெல்லாம் இடம் மாறிக் கெடந்துது” என்றார்.

மறுநாள் கடைக்காரரிடம் சில்லறை வாங்கினேன். புத்தம்புதுக் காசு பன்னிரண்டு. வேலைக்குக் கிளம்புமுன் இடது காலுறைக்குள் போட்டு ஷூவை மாட்டிக்கொண்டேன். நூலகத் தெருவில் ஒவ்வொரு குவளையையும் எடுக்கும்போது லேஸ் அவிழ்ந்ததுபோல் குனிந்தேன். பழைய காசு வலது ஷூவுக்குள் போயிற்று. இடது ஷூவிலிருந்து புதுக் காசு குவளைக்கு வந்தது. எடுத்த காசுக்குப் பதில் காசு. பதினோரு வருடத்தில் முதன்முறையாகத் தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன்.

இப்படியே தினமும் நடந்தது. என் சம்பளத்தில் ஒரு பங்கை என் மீட்டர்களுக்கே கட்டினேன். வலது ஷூவில் வீட்டுக்கு வந்த காசுகளை அண்ணி கழுவித் துடைத்து, கோந்து போட்டு, மூன்றாம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் திரும்ப ஒட்டிவைத்தார். அப்பா ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இந்த நோட்டு தீரவே மாட்டேங்குது. இந்த வீட்ல என்னமோ நடக்குது.” கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினார். “உங்க அண்ணிமேல ஒரு கண்ணு வெச்சுக்கோ.”

யாரிடமிருந்து எனக்கு இந்தப் புத்தி வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. சரிப்பா என்றேன்.

மூன்று மாதக் கெடு முடிந்த அன்று, நூலகத் தெரு மீட்டர்களைப் பிடுங்க வேண்டியதில்லை என்று கடிதம் வந்தது. வசூல் தப்பித்துவிட்டதாம். தராசு கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் போனபிறகு என்னை மட்டும் நிறுத்தினார். எந்திரத்தின் கீழிருந்த தட்டைக் காட்டினார். காலியாக இருந்தது.

“நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த மாசம் முடியறதுக்குள்ள நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு பழைய காசு வரல. அப்ப அதுக்கு என்ன அர்த்தம்?”

என் வலது ஷூவில் அன்றைய பதினொரு காசும் இருந்தன. ஷூவைக் கழற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

“மேல எழுதியிருக்கணும். எழுதல. வீட்ல ஒடம்பு முடியாத அப்பா இருக்காருன்னு கேள்விப்பட்டேன், ஏதோ கஷ்டத்துல நீ பண்ணிட்டேன்னு விட்டுட்டேன்.” சாவிக்கொத்தை என் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. “திருந்திட்டேல்ல?”

நான் திருடவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று சொன்னால், நாளைக்கு மூன்று மணிக்கே ஓர் ஆள் போய் அப்பாவின் கைக்குட்டையைப் பிடித்து, பெரியவரே இது செல்லாது என்று சொல்லிவிடுவான்.

“திருந்திட்டேன் சார்,” என்றேன்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு காசும் உள்ளங்காலில் குத்த, ஒன்றோடு ஒன்று உரசிச் சத்தம் வராமல், நிஜத் திருடி எப்படி நடப்பாளோ அப்படியே நடந்து வெளியே வந்தேன்.